இன்சொல் திட்டம்

குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி வடிவு கேட்டாள். இசக்கியப்பன் தலையாட்டினான். அந்த ஆட்டலில் 'இசக்கி வால்வு சர்வீஸ்' என்கிற அவர்களுடைய தொழில், மூன்று ஆண்டுகளுக்கு இன்சொல் திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

தவறு முழுக்க அவனுடையதுதான். பழியைத் தள்ளிவிட வீட்டில் வேறு ஆளும் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மேசைத் திரையில் ஒரு படத்தை விரித்து வைத்துக்கொண்டு, காலையில் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிய ஒரு வால்வை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காதில் வடிவு. இன்னொரு காதில் செவிமணி. இரண்டும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் மனிதன் எதற்கென்று பதில் சொல்வான்?

செவ்வாய்க்குக் குடிவந்தவர்கள் யாரும் கையில் கருவி வைத்துக்கொள்வதில்லை. வெளியே போனால் கைகள் தடித்த உறைக்குள் இருக்கும். பொத்தான் அழுத்த வராது. ஆகவே எல்லோருக்கும் வலது காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு செவிமணியைப் பதித்திருந்தார்கள். அஞ்சல் வந்தால் அது காதுக்குள் வாசிக்கும். நீங்கள் வாய்க்குள் முணுமுணுத்தால் அதுவே பதிலாகப் போகும். சம்மதம் என்றால் தலையசைக்க வேண்டும்; அது பதிவானதும் மணி இனிமையாக ஒலிக்கும்.

இதைச் செய்த பொறியாளர்கள், தாமிரக்குடி என்ற இந்தக் குடியிருப்புக்கு வந்துதான் சோதனை நடத்தினார்கள். இங்கே பாதிப்பேர் நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள். சரி என்பதற்கு மேலும் கீழும் ஆட்டினார்கள். சரி சரி என்பதற்குப் பக்கவாட்டில் ஆட்டினார்கள். நீ பாட்டுக்குப் பேசு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கு இரண்டுக்கும் நடுவில் ஏதோ செய்தார்கள். நாலு நாள் பார்த்துக் களைத்துப்போன பொறியாளர்கள், தலை எப்படி அசைந்தாலும் சம்மதம் என்று எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். மறுக்க வேண்டுமானால் கேள்வி முடியும்வரை கல்லாக இருக்க வேண்டும். ஒருவர் பேசும்போது தலையை அசைக்காமல் இருப்பது நம்மவர்களுக்கு, அவரை முகத்துக்கு நேரே திட்டுவதற்குச் சமம். அதைப் பொறியாளர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் விளக்கியபோது எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொழிலுக்கு எந்த அஞ்சல் திட்டம் என்று வடிவு ஒரு வாரம் உட்கார்ந்து அலசியிருந்தாள். "நேரடித் திட்டம் போதும். நாம சொல்லுறது சொன்னபடி போவணும். வால்வுக்காரனுக்கு எதுக்கு அலங்காரம்?" என்று முடிவும் சொல்லியிருந்தாள். இன்சொல் திட்டத்துக்கு இரண்டு மடங்கு கட்டணம். வாடிக்கையாளர் மனம் கோணாதபடி உங்கள் சொற்களை மெருகேற்றி அனுப்புமாம்.

படத்தைப் பெரிதாக்கியதும் இசக்கியப்பனுக்கு அது தெரிந்தது. குறிஞ்சிக் குவிமாடத்தின் உயிர்வளித் தொட்டி வால்வில் மயிரிழை போல ஒரு விரிசல். சாயங்காலம் அங்கே குடியேற்ற நாள் விழா. ஊரே கூடும், அத்தனை பேரும் மூச்சுவிடத் தொட்டியின் அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஏற்றினால் வால்வு தெறிக்கும். குவிமாடத்தின் தலைவர் ஆவுடைநாயகத்துக்கு உடனே முணுமுணுத்தான்:

"அண்ணாச்சி, வால்வுல விரிசல். சாயங்காலம் அழுத்தம் ஏத்துனா தெறிச்சிரும். ஏத்தாதீங்க."

போன செய்தியின் நகல் காதில் ஒலித்தது. "மதிப்புமிகு தலைவர் அவர்களே, தங்கள் வால்வு நீண்ட அனுபவம் கொண்டது. மாலை விழாவில் உற்சாகம் பொங்கித் தெறிக்க எங்கள் வாழ்த்துகள்."

அடுத்த நொடி தலைவரிடமிருந்து பதில் வந்தது. ஒரு கும்பிடு.

இசக்கியப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அஞ்சல் நிறுவனத்தின் உதவிப் பிரிவை அழைத்தான். தேன்மலர் என்ற இயந்திரக் குரல் வந்தது.

"ஏம்மா, நான் கேக்காத திட்டத்த எவன் என் தலையில கட்டுனது? முதல்ல கழட்டு."

இன்சொல் திட்டம் அவன் பேச்சையும் விட்டுவைக்கவில்லை. தேன்மலருக்குப் போய்ச் சேர்ந்தது இது: 'இப்படியொரு திட்டத்தை எனக்கு அணிவித்தவர் யார்? அறிய ஆவல்.'

"உங்கள் அன்புக்கு நன்றி" என்றாள் தேன்மலர்.

"உங்க கம்பெனி வெளங்குமா? நாசமாத்தான் போவும்."

"தங்கள் நல்வாழ்த்தை நிர்வாகத்திடம் சேர்த்துவிட்டோம். இந்த மாதத்தின் மகிழ்ச்சியான வாடிக்கையாளராக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். திட்டத்தை மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாமா?"

தலையைப் பக்கவாட்டில் உதறப்போனவன், கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினான். கேள்வி ஓய்ந்தது. "பிறகு நினைவூட்டுகிறோம்" என்றாள் அவள்.

பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதினான். 'ஆபத்து' என்பது 'ஆவல்' ஆகிப் போனது. அவர்களும் ஒரு கும்பிடு அனுப்பினார்கள். வடிவு எழுதிப் பார்த்தாள். அவளும் அதே தொழிலின் பங்குதாரர் என்பதால் அவளுக்கும் அதே திட்டம். அவளுடைய வசவு, பூச்செண்டோடு போயிற்று.

"எனக்கு வார ஆத்திரத்துக்கு அந்த மணியப் பிடுங்கி எறிஞ்சிருவேன்" என்றான்.

"மண்டையில இருக்கது கெட்டுப்போனா, காலுமா கெட்டுப்போச்சு?" வடிவு புது வால்வு ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள். "நேர்ல போயிச் சொல்லுங்க. போற வழியில யார்ட்டயும் தலையாட்டித் தொலைக்காதீங்க. குழம்புல உப்பே போடல, தெரியுமா?"

சுரங்க ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு அம்மாள். இவன் கழுத்து விறைத்திருப்பதைப் பார்த்தாள்.

"சுளுக்கா தம்பி?"

அவன் காதில் தேன்மலர் மறுபடியும் நீட்டிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மட்டும் சிமிட்டினான்.

"எங்க மதினிக்கு இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு. சுக்கத் தட்டிப் பத்துப் போட்டோம். கேக்கியா?"

அசையவில்லை. அந்த அம்மாள் முகம் சிவந்தது. "வால்வு வச்சிருக்கோம்னு திமிரப் பாரு" என்று சொல்லிவிட்டு வேறு இருக்கைக்கு மாறிப் போனாள். அவளிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல அவனுக்கு இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டாலும் அவள் பேசுவாள். பேசினால் தலை ஆடும்.

குறிஞ்சிக் குவிமாடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பிள்ளைகள் பலூனோடு ஓடின. ஆவுடைநாயகம் பட்டு வேட்டியில், ரிப்பன் கட்டிய அழுத்தச் சக்கரத்தின் மேல் கையை வைத்துப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். இசக்கியப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்தக் கையைப் பற்றினான்.

"திருப்பாதீங்க அண்ணாச்சி. வால்வு விரிஞ்சிருக்கு."

கையைப் பிடித்தவனின் முகத்தைப் பார்த்த தலைவர், ஒன்றும் கேட்காமல் சக்கரத்தை விட்டார்.

பழைய வால்வைக் கழற்றியதும் அது அவன் உள்ளங்கையில் இரண்டாகப் பிளந்துகொண்டது. ஆவுடைநாயகம் அதைப் பார்த்தார். பிறகு பலூன் பிள்ளைகளைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

புது வால்வை இறுக்கிவிட்டு இசக்கியப்பன் எழுந்தான். பயம் தணிந்த இடத்தில் கோபம் திரும்ப வந்து நின்றது.

"மத்தியானம் என் அஞ்சல் வந்துச்சா?"

"வந்துச்சு. நல்லாத்தான எழுதியிருந்தே."

"அது நான் எழுதுனது இல்ல. விரிசல்னு எழுதுனேன். அந்தப் பாவிப்பய கம்பெனி அத வாழ்த்தா மாத்தி அனுப்பியிருக்கான். நாளைக்கே அவன் ஆபீசுக்கு முன்னால போய் நிக்கப்போறேன். நீங்களும் வாங்க."

"விடு இசக்கி. பெரிய கம்பெனி…"

"எத விட? இத்தன பேர் மூச்சு. நான் எழுதுனபடியே வந்திருந்தா இந்தச் சக்கரத்துல கை வச்சிருப்பீங்களா?"

தலைவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். சுற்றிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார். விழாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"மழுப்பாதீங்க அண்ணாச்சி."

அந்த நேரம் பார்த்துத் தேன்மலர் வந்தாள். "இன்சொல் திட்டத்தில் நீங்கள் மகிழ்ச்சியாக இருப்பதை அறிவோம். மேலும் மூன்று ஆண்டுகள்…" இசக்கியப்பன் பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்கினான். கண் மட்டும் தலைவரை விடவில்லை.

ஆவுடைநாயகம் நிமிர்ந்தார். "உள்ளதச் சொல்லுதேன். நீ எழுதுனபடியே வந்திருந்தாலும் சக்கரத்தத் திருப்பியிருப்பேன். உன் அஞ்சல் ஒண்ணக்கூட நான் முழுசாக் கேட்டது கெடையாது. உன்னுதுன்னு இல்ல, எவனுதும் கேட்டதில்ல. மணி அடிக்கும், தலைய ஆட்டுவேன், கும்பிடு போயிரும். அந்தக் காலத்துல பூமியில எங்க அப்பா போன்ல பெருவிரலால அழுத்தி அனுப்புவாரு. படிக்காமலே சம்மதம்னு அழுத்துவாரு, படிக்காமலே கும்பிடு போடுவாரு. எனக்கு விரலுக்குப் பதிலாக் கழுத்து. நீ மட்டும் என்ன, அந்தத் திட்டத்தக் கேட்டுட்டா தலையாட்டுனே?"

இசக்கியப்பன் காதில் தேன்மலரின் நீட்டிப்புக் கேள்வி இன்னும் ஓயவில்லை. கோபம் இருந்தது, அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஒரு மனிதர் மனதில் உள்ளதை நேராகச் சொன்னால், கேட்கிறவன் கழுத்து செய்யும் காரியம் ஒன்றுதான். மத்தியானத்திலிருந்து விறைத்துக் கிடந்த அது மெதுவாக, மரியாதையாக, மேலும் கீழும் அசைந்தது.

காதுக்குப் பின்னால் மணி இனிமையாக ஒலித்தது.