ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

வெள்ளத்துரை சார் அப்படிச் சொன்னதும் சங்கமித்ராவுக்குக் காது மடல்வரை சூடேறியது.

“நம்ம பள்ளிக்கூடத்துல இருக்கிறது ஒரே டிவி. கண்காட்சிக்கு அதை பிராங்கிளினுக்குக் கொடுத்திடலாம். அவன் கேம் பெட்டிக்குத்தான் சக்தி அதிகம்” என்றிருந்தார் அவளுடைய அந்த அறிவியல் சார்.

சங்கமித்ரா எழுந்து நின்றாள். “சார், நான்தான் மொதல்ல பேர் குடுத்தேன். போன திங்கக்கிழமையே.”

“அதனால என்னம்மா?”

அதனால என்னவா? பஸ்ஸில் முதலில் ஏறியவளை எழுப்பிவிட்டு, பின்னால் வந்தவனை உட்கார வைத்து, அதனால என்ன என்று கேட்டால் எப்படி இருக்கும்?

முன் பெஞ்சிலிருந்து பிராங்கிளின் திரும்பினான். அவனுடைய மாமா கப்பலில் வேலை செய்பவர். சிங்கப்பூரிலிருந்து கறுப்பு நிறத்தில் ஒரு கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார். சிடி போட்டு விளையாடுவது. அது வந்த நாளிலிருந்து பிராங்கிளினின் நடையே மாறிவிட்டது.

“உன்னுது எட்டு பிட்டு. என்னுது முப்பத்திரண்டு பிட்டு. தெரிஞ்சுக்கோ” என்றான்.

“பிட்டுன்னா இன்னாடா?”

பிராங்கிளின் கொஞ்சம் யோசித்தான். “தெரியாது. ஆனா எட்டைவிட முப்பத்திரண்டு பெருசு.”

வகுப்பே சிரித்தது. சார்கூடச் சிரித்தார். சங்கமித்ராவின் கண்கள் கலங்குவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“சரி, சண்டை வேணாம். ரெண்டு பெட்டியையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டுக் கொண்டு வா. பார்த்துட்டு முடிவு பண்ணலாம். ஆனா நியாயமா இருக்கணும்.”

நியாயத்தைப் பற்றி யார் யாரிடம் பேசுவது!

சங்கமித்ராவின் பெட்டி வெள்ளை நிறம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவளுடைய நைனா அசோகன், போன வருடம் பர்மா பஜாரில் வாங்கி வந்தது. “டைப் அடிக்க கீபோர்டும் கீது. கம்ப்யூட்டர் மாதிரியே கீது பாரு” என்று சொல்லிக் கொடுத்தார்.

அது கம்ப்யூட்டர் மாதிரிதான் இருந்தது. கூட வந்த ஒரு மஞ்சள் கேசட்டைச் செருகினால், நாமே கட்டளைகளை டைப் அடிக்கலாம். பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டு வரிவரியாக எழுத வேண்டும். பெட்டி அதைப் படித்து அப்படியே செய்யும். பாதி சீன மொழியில் இருந்த ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆறு மாதம் தப்பும் தவறுமாக முயன்று, முப்பத்தெட்டு வரிகளில் அவள் ஒரு விளையாட்டை எழுதியிருந்தாள்.

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து ஒரு படகு கடலுக்குப் போக வேண்டும். அலைகள் வரும். மேலும் கீழும் நகர்ந்து தப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். படகு என்பது மூன்று கட்டங்கள். அலை என்பது இரண்டு கோடுகள்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு குறை. கரண்டு போனால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அவளுக்கு அப்படி நான்கு முறை அழிந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. ஊருக்கெல்லாம் கரண்டு அங்கிருந்து போகிறது. சாம்பல் மட்டும் தவறாமல் இவர்கள் வீட்டுக்கு வருகிறது. கரண்டு பாதி நேரம் வருவதில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் எல்லா வரிகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வரிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடாமல் பத்துப் பத்தாகப் போடுவதற்கும் காரணம் இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு வரி வந்தால் உட்கார இடம் வேண்டாமா?

சனிக்கிழமை அட்டவணை நோட்டோடு பிராங்கிளின் வீட்டுக்குப் போனாள். கறுப்புப் பெட்டியில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் பார்த்தாள். கார் உண்மைக் கார் போலவே இருந்தது. ரோட்டோர மரங்களின் நிழல் காரின் மேல் விழுந்து ஓடியது. நோட்டைத் திறக்காமலேயே வீட்டுக்கு வந்தாள்.

இரவு அட்டவணை போட்டாள். படம், நிறம், சத்தம், வேகம்... ஒவ்வொரு வரியிலும் கறுப்புக்கே மார்க் போட வேண்டியிருந்தது. ‘சத்தம்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். அடித்தாள். பிறகு, அடித்தது தப்பு என்று மறுபடியும் எழுதினாள். ஒன்பது வரிகளில் கறுப்பு ஜெயித்தது. பத்தாவது வரி:

‘நாமே புது விளையாட்டு செய்ய முடியுமா? கறுப்பு: முடியாது. வெள்ளை: ஒன்று செய்துவிட்டேன்.’

திங்கட்கிழமை சார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். “ஒன்பதுக்கு ஒண்ணு! நீயே எழுதிட்டியேம்மா!”

“பத்தாவதுக்கு ஒரு மார்க்தான் போடணும்னு இல்ல, சார்.”

“அது சரி. ஆனா பார்க்க வர்றவங்களுக்குக் கண்ணுக்கு ஏதாவது தெரியணுமே.” சார் தாடையைச் சொறிந்தார். “ஒண்ணு செய். பிராங்கிளின் பெட்டி நடுவுல சூடாகும். அது ஆறுற நேரத்துல இருபது நிமிஷம் உன்னுதைப் போட்டுக்கோ.”

ஆறுகிற நேரம்! ஆறு மாத வேலைக்கு, இன்னொருவன் பெட்டி ஆறுகிற நேரம்! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே போனாள்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. முப்பத்தெட்டு வரிகளை டைப் அடிக்கவே இருபத்தைந்து நிமிடம் ஆகும். கொடுத்ததோ இருபது நிமிடம்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டியை அணைத்தால்தான் விளையாட்டு அழியும். டிவி ஒயரை மட்டும் கழற்றினால் அழியாது.

கண்காட்சி அன்று காலை எட்டு மணிக்கே வந்தாள். டிவியில் போட்டு எல்லா வரிகளையும் அடித்து முடித்தாள். ஒயரைக் கழற்றி பிராங்கிளினிடம் கொடுத்தாள். உயிரோடு இருந்த தன் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்து, அதன்மேல் ‘அணைக்காதே’ என்று ஒரு சீட்டும் ஒட்டினாள்.

பதினோரு மணிவரை எல்லோரும் கறுப்புப் பெட்டியையே மொய்த்தார்கள். பிறகு அது சூடாகித் திணற ஆரம்பித்தது. கார் பாதி ரோட்டில் அப்படியே நின்றது.

“ஆறட்டும். மித்ரா, உன்னுதைப் போடும்மா. இருபது நிமிஷம்” என்று சொல்லிவிட்டு சார் அடுத்த அறைக்குப் போனார்.

சங்கமித்ரா ஓடிப்போய் ஒயரை மாட்டினாள். திரை வெறுமையாக இருந்தது. படகும் இல்லை, அலையும் இல்லை.

குனிந்து பார்த்தாள். சுவரில் அவளுடைய பிளக் இல்லை. அந்த இடத்தில் வேறொரு பிளக். அதன் மறுமுனையில் ஒரு டேபிள் ஃபேன், கறுப்புப் பெட்டிக்கு ஜம்மென்று காற்று வீசிக்கொண்டிருந்தது.

“யார்றா புடுங்குனது?”

“நான்தான். பெட்டி சூடாயிடுச்சி, அதான் ஃபேன் போட்டேன்” என்றான் பிராங்கிளின். “ஏன், இன்னா ஆச்சி?”

“இன்னா ஆச்சியா? முப்பத்தெட்டு வரியும் போச்சு! உன் பெட்டிக்குக் காத்து வேணும்னா என் பெட்டி உசுரை எடுப்பியா? அணைக்காதேன்னு சீட்டு ஒட்டியிருந்தேனே, கண்ணு தெரில?”

“நான் உன் பெட்டியத் தொடவே இல்லியே! பிளக்கத்தானே புடுங்குனேன். பிளக்ல சீட்டு இல்லியே!”

சங்கமித்ரா குனிந்து சீட்டைப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை. சீட்டைப் பெட்டியில் ஒட்டியது அவள்தான். பிளக்கில் ஒட்டாததும் அவள்தான். அதனால் கோபம் இரண்டு மடங்கானது. பாதி அவன் மேல், பாதி தன் மேல்.

பிராங்கிளினின் முகம் சுருங்கிவிட்டது. “சத்தியமா தெரியாது, மித்ரா. பிளக்கப் புடுங்குனா அழிஞ்சிடுமா? என்னுது அப்டி இல்ல.”

கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு நிமிடம் இருந்தது. நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பதில்தான் நேரம் போகும். யாராவது படித்துச் சொன்னால்?

ஆறிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியின் பிளக் இருந்த இடத்தில் தன் பிளக்கைச் செருகிவிட்டு, நோட்டை பிராங்கிளினின் கையில் திணித்தாள். “படி. சீக்கிரமா படி. தப்பாப் படிச்சே, அவ்ளோதான்.”

அவன் படித்தான். அவள் அடித்தாள். பத்து, இருபது, முப்பது, நாற்பது.

“ஐம்பது. எக்ஸ் ஈக்வல் டு எக்ஸ் பிளஸ் ஒன்னு.” பிராங்கிளின் நிறுத்தினான். “அப்டின்னா இன்னா?”

“படகு தானா ஒரு அடி முன்னால போவும். அடுத்தது படி.”

“அலை வந்தாலுமா?”

“வந்தாலும்தான். படிடா!”

பிராங்கிளின் படிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டான். இப்போது அவனுக்குக் கோபம் வந்திருந்தது.

“அலை வந்தாலும் போவுமா? தினம் கடலுக்கு மீன் புடிக்கப் போற எங்கப்பா கேட்டா சிரிப்பாரு. முகத்துவாரத்துல எவனாவது இப்டி நேரா போவானா? படகு கவுந்துடும்!”

“நான் பாலத்துமேல இருந்துதானே பார்த்திருக்கேன்...”

“பாலத்துமேல இருந்து பார்த்தா இன்னா தெரியும்? மூணு பெரிய அலை ஒண்ணு பின்னால ஒண்ணு வரும். அதுவரைக்கும் படகைப் புடிச்சிகினு நிக்கணும். அப்புறம் கொஞ்ச நேரம் அடங்கும். அப்பதான் ஒரே தள்ளு!”

சங்கமித்ரா திரையைப் பார்த்தாள். தன் விளையாட்டில் ஏதோ ஒன்று சரியில்லை என்று அவளுக்கே ரொம்ப நாளாகத் தோன்றியிருந்தது. அது இதுதான்.

“சரி. ஐம்பதுல, பட்டனைத் தட்டினாதான் படகு போவும்னு மாத்தறேன். ஐம்பத்தஞ்சுல அலைய எண்ணுவோம். மூணு ஆனதும் கொஞ்ச நேரம் அலைய நிறுத்துவோம்.”

“அங்க இடம் இருக்கா?”

“ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல ஒன்பது இடம் கீது.”

பிராங்கிளின் வாயைப் பிளந்தான். “அப்போ என் வரி உள்ள வரும்னு முன்னாடியே தெரியுமா உனக்கு?”

“போடா! யாராவது வருவாங்கன்னு தெரியும். நீ வருவேன்னு தெரியாது.”

மிச்சத்தை அடித்து முடித்தபோது ஏழு நிமிடம்தான் பாக்கி. அதற்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கார்குழலி என்ற ஒரு குட்டிப்பெண் முதலில் உட்கார்ந்தாள். இரண்டு அலைகள்தான் வந்திருந்தன. அவசரப்பட்டுப் பட்டனைத் தட்டினாள். படகு கவிழ்ந்தது.

“நில்லு, நில்லு! அலைய எண்ணு!” என்று கத்தினான் பிராங்கிளின்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். கார்குழலி தட்டினாள். படகு கடலுக்குள் போய்ச் சேர்ந்தது. ஓவென்று ஒரே கூச்சல்.

“அக்கா, படகுக்கு என் பேரு வைப்பியா?”

சங்கமித்ரா ஒரு வரி அடித்தாள். திரையின் மேலே கார்குழலியின் பெயர் வந்தது. அவ்வளவுதான்.

“எனக்கு ரெண்டு படகு வேணும்!”

“ராத்திரியாக்கு, அக்கா! கறுப்புக் கடல்!”

“என் படகு மெதுவாப் போவட்டும்!”

ஒவ்வொன்றுக்கும் அவள் வரியைத் தேடி மாற்றினாள். சில முறை தப்பாக மாற்றிப் படகு பின்னோக்கிப் போனது. அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள்.

ஒரு பையன் பிராங்கிளினின் சட்டையை இழுத்தான். “அண்ணா, உன் கார் கேம்ல எங்க தெரு வைப்பியா?”

“அது முடியாதுடா” என்றான் பிராங்கிளின். பிறகு குரலை உயர்த்தினான். “இந்தப் படகுல ஐம்பத்தஞ்சாவது வரி யாரோடது தெரியுமா?”

அப்போது வெள்ளத்துரை சார் உள்ளே வந்தார். கதவுவரை நின்ற வரிசையைப் பார்த்தார். திரையில் இருந்த மூன்று கட்டங்களைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

“இருபது நிமிஷம் ஆயிடுச்சே. பிராங்கிளின், உன் பெட்டி ஆறிடுச்சா? ஒயரை மாத்திடலாமா?”

சங்கமித்ராவின் கை கீபோர்டின் மேலேயே நின்றது.

பிராங்கிளின் கறுப்புப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஐஸ் போல ஜில்லென்று இருந்தது.

“இல்ல சார்” என்றான், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு. “இன்னும் கொதிக்குது.”