மீதி நாளைக்கு

எட்டாவது டைலில் 7 என்று எழுதியிருந்தது.

மேஸ்திரி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவப் போகிற வழியில், எப்போதும் சாத்தியே கிடக்கும் மகளின் அறைக்கதவு ஒரு சாண் திறந்திருப்பதைப் பார்த்து, அதைச் சாத்தத்தான் கையை நீட்டினார். மாலை ஆறு மணி இருக்கும். ஜன்னல் வழியாக வந்த கடைசி வெளிச்சம் காலிக் கட்டிலைத் தாண்டி, சுவரில் அவர் கையாலேயே பதித்த வெள்ளை டைல் வரிசையின் மேல் விழுந்திருந்தது. டைலுக்கு ஒன்றாகப் பென்சிலில் எழுதிய எண்கள் தெரிந்தன. 13, 1, 2, 0, 1, 5, 1. அதோடு முடிய வேண்டும். ஆறு வாரமாக அதோடுதான் முடிந்திருந்தது. இப்போது பக்கத்தில் ஒரு 7 இருந்தது, இடுப்பில் சின்னக் குறுக்குக் கோடு போட்ட 7. அப்படி எழுதுகிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

அவளை அவர் சின்ன மேஸ்திரி என்று கூப்பிடுவார். பதின்மூன்று வயது. வாயில் நுழையாத பெயருள்ள ஒரு காய்ச்சலோடு மூன்று மாதம் அந்தக் கட்டிலில் கிடந்தாள். நடக்க முடியாத பிள்ளைக்குச் சுவர்தானே துணை. வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய டைல்களைக் கொண்டுவந்து அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு வரிசை பதித்துக் கொடுத்தார். ஊரிலுள்ள குளியலறையெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்தாச்சு என்று அவர் மனைவி கிண்டல் செய்தாள். அப்போது அந்த வீட்டில் கிண்டல் இருந்தது.

பதித்து முடித்ததும் தொழில் பழக்கத்தில் விரல் முட்டியால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்தார். பின்னால் கலவை முழுசாகப் பிடித்திருந்தால் கெட்டியாகச் சத்தம் வரும். எங்காவது காற்று நின்றுவிட்டால் காலி டப்பாவைத் தட்டின மாதிரி கேட்கும். காலிச் சத்தம் கேட்டால், "உள்ளே யாருப்பா குடியிருக்கிறது?" என்று கேட்பது வேலையாட்களுக்குள் பழைய வேடிக்கை. அதை மகளிடம் சொல்லப் போக, அவள் அதிலேயே ஒரு விளையாட்டைக் கட்டிவிட்டாள்.

"முதல் டைல்ல என் வயசு. 13," என்றாள். "ரெண்டாவது டைலுக்கு, அதுவரைக்கும் இருக்கிறதைக் கூட்டி ரெண்டால வகுக்கணும். மீதியை எழுதணும். மீதி ஒண்ணு. மூணாவதுக்கு, 13-ம் 1-ம் பதினாலு. மூணால வகுத்தா மீதி ரெண்டு. புரியுதாப்பா?"

"எனக்குக் கூலிக் கணக்கே புரியாது."

"தினம் ஒரு டைல்தான். நீங்க வந்து தட்டி, உள்ளே யாருன்னு கேக்கணும். மீதி எத்தனையோ நான் அத்தனை தடவை தட்டுவேன்."

அப்படியே நடந்தது. நாலாவது டைலில் பதினாறை நாலால் வகுக்க மீதியே வரவில்லை. அவர் தட்டியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்துவிட்டு, "இன்னைக்கு மீதி யாரும் இல்லப்பா. வீடு காலி," என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தது நெஞ்சில் அடைத்து இருமலாக மாறியது.

ஏழாவது நாள் மீதி ஒன்று. ஒரு தட்டு தட்டிவிட்டு, "இப்பவே எட்டாவதும் போட்டுடலாம்பா," என்றாள். அன்றைக்கு மூன்று மாடிக்குச் சிமெண்ட் சுமந்திருந்தார். கலவை காயாமல் அடுத்த வேலை செய்யக் கூடாது என்பது தொழில் முறை. அதனால் எதற்கெடுத்தாலும் அவர் வாயில் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "காயட்டும். மீதி நாளைக்கு," என்றார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, அவர் எவர் வீட்டுத் தரையிலோ குனிந்திருந்தபோது, அவள் போய்விட்டாள். அந்த வார்த்தையை மட்டும் அவரால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

இப்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து, விரல் விட்டு மெல்லக் கூட்டினார். ஏழு டைலும் சேர்ந்து இருபத்துமூன்று. எட்டால் வகுத்தால் மீதி ஏழு. கணக்கு சரி. முட்டியை மடக்கி எட்டாவது டைலைத் தட்டினார். அவரே கலவை நிறைத்துப் பதித்த டைல், காலி டப்பாவாகச் சத்தம் கொடுத்தது.

"உள்ளே யாரு?" என்று கேட்டார்.

சுவருக்குள்ளிருந்து விரல் நுனியால் தட்டுகிற மெல்லிய சத்தம் வந்தது. அவர் எண்ணினார். ஏழு.

பயப்பட வேண்டிய மனிதர், நெற்றியைச் சுவரில் வைத்து அழுதார். சந்தோஷமாகத்தான் அழுதார். மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் ஆறு வாரமாக உப்பு, தண்ணீர், கதவு என்ற அளவில்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் ஒன்பதாவது டைலில் 3 இருந்தது. முப்பதை ஒன்பதால் வகுத்தால் மூன்று. தட்டினார், மூன்று மெல்லிய தட்டு பதிலாக வந்தது. மறுநாள் வேலையிடத்தில், சிமெண்ட் காகிதத்தின் முதுகில், அவள் முந்துவதற்குள் தானே பத்தாவதைப் போட்டுப் பார்த்தார். முப்பத்துமூன்று, பத்தால் வகுக்க, மீதி மூன்று. பதினொன்றாவது, முப்பத்தாறு, மீதி மூன்று. பன்னிரண்டாவதும் மூன்று. காகிதம் தீரும்வரை போட்டார். ஒவ்வொரு முறையும் மொத்தத்தில் மூன்று ஏறியது, வகுக்கிற எண்ணில் ஒன்று ஏறியது, ஈவும் மூன்று, மீதியும் மூன்று. குதித்துக் குதித்து ஓடிவந்த கணக்கு ஒன்பதாவது டைலில் கால் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. இனி எத்தனை டைல் பதித்தாலும் அது நகரப் போவதில்லை.

அன்று மாலை பத்தாவது டைலைத் தட்டினார். முதல் தட்டு மெல்லிசாக வந்தது. இரண்டாவதோடு சேர்ந்து வேறொரு சத்தமும் வந்தது. வளையல் டைலில் உரசுகிற சத்தம். மூன்றாவது தட்டு கனமாக, முட்டியைச் சற்றே திருப்பித் தட்டின மாதிரி இருந்தது. அப்படித் தட்டுகிற ஒருவரை அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய சொந்தக் கை.

எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி குழாயடியில் நின்று வலது கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகளில் சாம்பல் நிறத்தில் ஈரக் கலவை ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டும் போகவில்லை.

"எட்டாவது டைல்ல அந்த ஏழு, நீங்கதானே எழுதினீங்க?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான் இல்ல. நீ இல்லையா?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"தினம் மூணு மணிக்குப் போய்த் தட்டுவேங்க," என்றாள். "அவ பதில் சொல்றா. நேத்து மூணு, இன்னைக்கும் மூணு."

"இனிமே மூணுதான். எத்தனை நாளானாலும் மூணுதான். நான் போட்டுப் பாத்துட்டேன்."

அவள் அப்போதுதான் திரும்பினாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று. "ஐயோ, ஒரே கணக்கை ரெண்டு தடவை போடச் சொன்னாலே கோவிச்சுக்குவாளே," என்றாள். "அதையே போட்டுக்கிட்டு அங்க எப்படிங்க இருப்பா எம்பொண்ணு?"

இருவரும் ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சேர்ந்து அழுதார்கள்.

அழுது முடித்து, "எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாங்க," என்றாள். "இப்பவே. தட்டுறப்போ டைல் என் கையை விடமாட்டேங்குது. இன்னைக்கு இழுத்துதான் எடுத்தேன்."

போயிருக்கலாம். பஸ் இருந்தது. ஆனால் மகளை அந்தச் சுவருக்குள் விட்டுவிட்டுக் கிளம்ப அவருக்கு மனசு வரவில்லை. உளி கொண்டுவந்து டைலைப் பெயர்த்து, அவளை அந்த மூன்றிலிருந்து எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. உளியும் சுத்தியலும் வேலையிடத்தில் இருந்தன.

"நாளைக்குப் போலாம்," என்றார்.

சொன்ன பிறகுதான் தன் வாயே தன் காதில் விழுந்தது.

மறுநாள் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பாதி வேலையில் கிளம்பிவிட்டார். கிளம்பியும், பஸ் கிடைத்து வீட்டுக்கு வர மூன்றே கால் ஆகிவிட்டது. கதவு திறந்திருந்தது. வாசலில் மனைவியின் செருப்பு. பக்கத்தில் கட்டி வைத்த பயணப் பை. அடுப்பில் பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது, குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது, வீடு முழுக்க, ஒவ்வொரு மூலையிலும், அப்போதுதான் குழைத்த சிமெண்டின் பச்சை வாசனை அடித்தது.

கூப்பிட்டார். பதில் இல்லை. கொல்லைப்பக்கம் பார்த்தார். இல்லை.

மகளின் அறையில் வெயில் இருந்தது. பட்டப்பகல். பதினொன்றாவது டைலில் 3. டைல்களின் இடுக்கெல்லாம் ஈரம் கசிந்திருந்தது. எப்போதோ காய்ந்துபோன சுவரில் ஈரம்.

அவர் தட்டவில்லை. அதுவே தட்டியது.

மெல்லிய விரல். ஒன்று.

வளையலோடு. இரண்டு.

பிறகு ஒன்றும் இல்லை.

காத்திருந்தார். குழாய் சொட்டுகிற சத்தம். தன் மூச்சு. டைலில் 3 என்று இருந்தது. மகள் கணக்கில் ஒருநாளும் தப்பியதில்லை.

உளியை டைலின் விளிம்பில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை நின்றது. உள்ளே நேர் எதிரே அவள் விரல் இருந்தால்? ஊசி குத்தினாலே அழுகிறவளின் விரல். சுத்தியல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அம்மா அங்கேயா இருக்கா?" என்று கேட்டார்.

ஒன்று. வளையலோடு இரண்டு.

மறுபடி அமைதி. அவருக்காக விட்டு வைத்த இடம் அது. எத்தனை நாளும் விட்டு வைப்பார்கள். பஸ் இருந்தது. கதவு திறந்திருந்தது. இரண்டு தட்டும் ஓர் இடைவெளியும் வாழ்நாள் முழுக்கக் காதுக்குள் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்தது.

"நாளைக்குன்னு சொல்லிட்டேன்மா," என்றார். "சொல்லியிருக்கக் கூடாது."

முட்டியைச் சற்றே திருப்பி, தட்டினார்.

கெட்டிச் சத்தம். இருபத்தைந்து வருஷத் தொழிலில் இவ்வளவு கெட்டியாக ஒரு டைலும் சத்தம் கொடுத்ததில்லை. பின்னால் காற்று நுழையக்கூட இடமில்லை.

குளிர். இருட்டு. ஈர சிமெண்ட். இடது கையில் ஒரு சின்னக் கை வந்து நுழைந்தது. சுடவில்லை. காய்ச்சல் விட்டிருந்தது. வலது தோளில் ஒரு வளையல் உரசியது. கையை அசைக்க முடியவில்லை. கலவை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

கண்ணெதிரே வெள்ளையாக ஒரு மங்கல். அதற்கு அப்பால் வெயில் விழுகிற அறை. கட்டில். தரையில் சுத்தியல். திறந்த கதவு. இந்தப் பக்கத்திலிருந்து எல்லா எண்களும் இடம் வலம் மாறித் தெரிந்தன. பன்னிரண்டாவது டைலில், உள்பக்கமாகவே, ஒரு பென்சில் கீறுகிற சத்தம் தொடங்கியது. அவர் பக்கத்திலிருந்து.

"மூணுப்பா," என்றாள் மகள். களைத்த குரல். "மீதி நாளைக்கா?"

வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் மீதி யாரும் இல்லை.