கை காட்டி நின்றவன்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். கதை கட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் மலைப்பக்கம் யாருக்குமே கிடையாது.

நார்வேயின் மேற்குக் கரையில், ஒரு கோடைப் பகலில், மூன்று மோட்டார் சைக்கிள்கள் மலையேறின. முன்னால் ஹால்வர், நடுவில் அவன் நண்பன் சிண்ட்ரே, கடைசியில் சிண்ட்ரேயின் தங்கை யோருன். அவள் உரிமம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் சிண்ட்ரே அவளை அழைத்து வந்திருந்தான்.

“டேய், உன் தங்கச்சிய ஆட்டுமந்தை முந்திட்டுப் போகுதுடா!” என்று கத்தினான் ஹால்வர்.

“நீ முன்னாடி போய் ஆட்டை விரட்டு. அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தோம்” என்றாள் யோருன்.

சேர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. பாதை பிரிகிற இடத்தில் இரண்டாவது ஆள் நின்று, போகவேண்டிய திசையில் கையை நீட்ட வேண்டும். மஞ்சள் மேலங்கி போட்ட கடைசி ஆள் வந்து தலையசைக்கும்வரை அவன் நகரக் கூடாது. நீட்டிய கையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே மூடுபனி இறங்கியது. ஈரக் கம்பளியின் வாடை. வலப்பக்கம் புதுச்சாலை, இடப்பக்கம், பாறை சரிந்து பாதியில் அறுந்துபோன பழைய சாலை. ஹால்வர் வலப்பக்கம் போய் மறைந்தான். சிண்ட்ரே அங்கேயே நின்று வலப்பக்கம் கை காட்டினான்.

எங்கோ தண்ணீர் சொட்டியது.

பிறகு ஒரு விளக்கு. மஞ்சள் மேலங்கி. தலைக்கவசம் மெல்ல அசைந்தது. வழக்கப்படி அது ஒதுங்கி வழிவிட, சிண்ட்ரே முன்னால் கிளம்பினான். வழி முழுக்கக் கண்ணாடியில் அந்த விளக்கு தொடர்ந்தது.

கீழே காபிக்கடை வாசலில் ஹால்வர் கேட்டான். “எங்கடா அவ?”

“பின்னாடியே வரா.”

பின்னால் சாலை வெறுமையாகக் கிடந்தது. அப்போதுதான் சிண்ட்ரேக்கு உறைத்தது. இவ்வளவு தூரம் தொடர்ந்த வண்டிக்குச் சத்தமே இருக்கவில்லை.

அவன் திரும்பி மலையேறினான்.

பாதை பிரிகிற இடத்தில், அவன் நின்ற அதே இடத்தில், ஒருவன் நின்றிருந்தான். சிண்ட்ரேயின் கறுப்புத் தலைக்கவசம். சிண்ட்ரேயின் கிழிந்த கையுறை.

கை நீண்டிருந்தது.

இடப்பக்கம்.

சிண்ட்ரே அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பழைய சாலையில் புல்லை நசுக்கிக்கொண்டு போனான். சாலை அறுந்த விளிம்பில் யோருனின் வண்டி நின்றது, முன்சக்கரம் அந்தரத்தில். அவள் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

“யோருன்!”

“கத்தாதே” என்று முணுமுணுத்தாள். “நீதானே இந்தப் பக்கம் கை காட்டின?”

“நான் இல்ல.”

“அப்போ அது யாரு?”

விளிம்புக்கு அப்பால், கீழே கடல்நீர் மட்டும் இருந்த வெறும் வெளியில், அதே கறுப்புத் தலைக்கவசம் நின்று இன்னும் முன்னால் கை காட்டிக்கொண்டிருந்தது.

“அப்புறம் எப்படி நின்ன நீ?”

“நீ சொன்னதை நான் எப்படா கேட்டிருக்கேன்?”

அவளைத் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கினான். இடுப்பைப் பிடித்திருந்த கைகள் பனிக்கட்டியாக இருந்தன. காபிக்கடையில் அவள் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. “குளிருது” என்றாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் அப்பத்தைத் தொடவுமில்லை. அதையும் ஹால்வர்தான் தின்றான்.

யோருன் இன்றும் அண்ணன் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறாள். கீழே வருவதில்லை. அந்த வீட்டு மாடிப்படி எந்த வெயிலிலும் காய்வதில்லை.

சிண்ட்ரேயின் அம்மாவைக் கேட்டால், அவன் தனக்கு ஒரே பிள்ளை என்கிறாள்.