பத்தாம் வகுப்பில் சாக்பீஸ் சத்தம்

சர்ர்க்… சர்ர்க்…

வெள்ள விடுமுறை விட்ட பள்ளியில் யார் எழுதுவது? பதிவேடு எடுக்க வந்த கணக்கு டீச்சர் குந்தவை வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். கரண்ட் இல்லை. பட்டப்பகலிலும் இருட்டு. மழைக்கு அப்பால் கொள்ளிடம் உறுமியது.

பத்தாம் வகுப்புக் கதவைத் தள்ளி, செல்போன் டார்ச்சை அடித்தாள்.

கண்கள்! பத்து… இருபது… பச்சையாய் மினுங்கி அவளையே பார்த்தன.

மாடுகள்… கரையோர ஊர்களிலிருந்து ஓட்டி வந்து கட்டியிருந்தார்கள். ஆனால் ஒன்றுகூடக் கத்தவில்லை, அசைபோடவில்லை. டார்ச்சை மெல்ல முன்பக்கம் திருப்பினாள்.

கரும்பலகை முன்னால், சேறு அப்பிய வெள்ளைக் கோட்டில் ஓர் உருவம்.

"யா… யாரு?"

திரும்பியவன் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. "ஐயோ… நீங்க மனுஷிதானே?"

ஒரத்தநாட்டிலிருந்து வந்த கால்நடை டாக்டர் சதீஷ். இரண்டு நாளாய்த் தூங்காத சிவந்த கண்கள்… இமையில் இன்னும் ஒரு மழைத்துளி. அந்தப் பயத்திலும் அவளுக்கு அது தெரிந்தது.

"காலையிலேர்ந்து நாலு மாடு சத்தமில்லாம சாஞ்சிடுச்சுங்க. பட்டினி. பிண்ணாக்கும் தவிடும் கலந்து நூறு கிலோ தீவனம் வேணும். அதுல பதினாறு கிலோ புரதம் இருக்கணும்."

பிண்ணாக்கு x, தவிடு y என்று எழுதியிருந்தான். பிண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது புரதம், தவிட்டில் பத்து.

x + y = 100
40x + 10y = 1600

கீழே x = 86.67 என்று வட்டமிட்டிருந்தது.

"தப்பு."

"மேடம், நான் டாக்டர்."

"நான் கணக்கு டீச்சருங்க. மேல இருக்கறதப் பத்தால பெருக்கி, கீழ இருக்கறதுலேர்ந்து கழிக்கணும். இடப்பக்கம் கழிச்சிட்டு, வலப்பக்கம் கூட்டிட்டீங்க."

"எனக்கும் கழிக்கத் தெரியுங்க!" அவன் முகம் சுண்டியது.

அவள் அழித்து எழுதினாள். 30x = 600. பிண்ணாக்கு இருபது கிலோ… தவிடு எண்பது.

பலகையைப் பார்த்தபடியே நின்றான். "எண்பத்தாறு கிலோ பிண்ணாக்கு… காஞ்ச வயித்துல… எல்லாத்தையும் நானே கொன்னிருப்பேன்."

சற்று முன் நிவாரணமாய் வந்திறங்கிய மூட்டைகளைப் பிரித்து, இருவரும் சேர்ந்தே கலந்தார்கள். வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாய் வைத்தார்கள். ஒரு மணி நேரம்… சத்தமே இல்லை. பிறகு மூலையில் ஒரு செவலைப் பசு மெல்ல "ம்மா…" என்றது. இன்னொன்று பதில் சொன்னது. குந்தவைக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் எட்டு நாளும் வந்தாள். ஒன்பதாம் நாள் வெள்ளம் வடிய, மாடுகள் கிளம்பிப் போயின. காலி வகுப்பில் அவனும் அவளும் மட்டும்.

"தினமும் எதுக்குங்க வந்தீங்க… மாட்டைப் பாக்கவா?"

"மாடுன்னாலே எனக்குப் பயம்ங்க…" அவள் தலை நிமிரவில்லை. "உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."