பதினாறாம் வாசலைத் தட்டியது யார்?

வாசலில் யாரோ ஓயாமல் மணியடித்துக்கொண்டிருந்தால், அடுப்பில் பொங்கும் உலையை உங்களால் கவனிக்க முடியுமா?

வெளிநாட்டில், கோலியர்ஸ் வுட்டில், ஊருக்குப் பேசவென்று சற்குணம் நடத்திய தொலைபேசிக் கடைக் கணினிக்கு வந்த கதி அதுதான். 2009 ஏப்ரல், திங்கட்கிழமை பின்னேரம். வெள்ளிக்கிழமையிலிருந்து அதன் வழியாகப் போய்வந்த ஊர்க் கோல்கள் எல்லாம் துண்டு துண்டாக உடைந்து அறுந்தன.

கல்லாவில் நின்ற சிவனேஸ்வரிக்கு உயிரே அந்தக் கோல்களில்தான். வாடகை அறை மாறி மாறி இருந்தவள்; சொந்தமாக நிலையான நம்பர் இல்லை. வன்னியில் போருக்குள் அகப்பட்ட மகன் கிருஷாந்துக்குக் கடை நம்பர் மட்டும் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோல் வந்தது. "அம்..." என்று ஒரு குரல். பிறகு இரைச்சல். ஷெல்லடியில் அறுந்தது என்றே அவள் நினைத்தாள்.

பழுது பார்க்க வந்தவன் வாமதேவன். வங்கியில் கணினிகளைப் பார்த்து, அந்த வருடம் வேலை போனவன். பின்னறையில் கணினிக்கு மேலே பிள்ளையார் படம். படத்தின் முன்னால் ஒரு சின்னப் பெட்டி விக்கி விக்கித் தேவாரம் பாடியது.

"தொலைபேசி காட் மாத்தினன், மெமரியை மாத்தினன்," என்றார் சற்குணம். "இனி என்னைத்தான் மாத்தவேணும்."

"உங்களுக்கு ஸ்பெயார் சாமான் வராது, அண்ணை," என்றான் வாமதேவன்.

லினக்ஸ் திரையில் ஒரு கட்டளை அடித்தான். கணினியில் பொருத்திய ஒவ்வொரு சாமானும் "என்னைக் கவனி" என்று கணினியின் மூளையான புரொசஸரைத் தட்டும். அதற்கென்று நம்பர் போட்ட வாசல்கள் உண்டு. பதினாறாம் வாசலில் தட்டல் மழையாகக் கொட்டியது. அதில் இருந்தவை இரண்டு: கோல்களை வாங்கும் அட்டையான தொலைபேசி காட், வயர் செருகும் யூஎஸ்பி ஓட்டைகள்.

அட்டையை நிறுத்தினான். தட்டல் குறையவில்லை.

"வெள்ளிக்கிழமை இஞ்ச ஆர் வந்தது?"

"நான்தான் தம்பி," என்றாள் சிவனேஸ்வரி. "மெஷினைத் தொட்டா இவர் கொல்லுவார். படத்தைத் துடைச்சு, பாட்டுப்பெட்டி வைச்சனான். அவ்வளவுதான்."

வாமதேவன் தேவாரத்தைக் கேட்டான். மறுபடியும் விக்கியது.

"பெட்டிக்குக் கரண்ட் எங்கயிருந்து, அக்கா?"

"சுவரில பிளக் இல்லை. மெஷினுக்குப் பின்னால ஒரு ஓட்டை இருந்தது, அதில செருகினன்."

கணினியின் பின்பக்கம் கையை விட்டான். வயர் தளர்ந்து ஆடியது. பிடுங்கினான். தேவாரம் நின்றது. திரையில் தட்டலும் நின்றது.

"இதுதான் ஆள். ஒட்டுறதும் விடுறதுமா நிண்டு தட்டியிருக்கு. பேச்சைக் கவனிக்க மெஷினுக்கு நேரமில்லை. எல்லாரும் உள்ளுக்கைத்தான் தேடினது. பாட்டு விக்கினதை ஒருத்தரும் கேக்கேல்லை."

"பிள்ளைக்காக வைச்சது," என்றாள் அவள். பிறகு, மெதுவாக: "அப்ப, ஞாயிற்றுக்கிழமை?"

சற்குணம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். வாமதேவனுக்குப் பொய் வரவில்லை.

"அங்க அறுந்த மாதிரி இல்லை, அக்கா. இஞ்சதான் உடைஞ்சிருக்கு."

அவள் கல்லாவுக்குப் போய் நின்றாள்.

மறுநாள் காலை கோல்கள் தெளிவாக வந்தன. கிருஷாந்திடமிருந்து ஒன்றும் வரவில்லை.