மூன்றாவது அடியில் இறங்கும் குரல்

ஆர்கன் வாத்தியத்தின் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் மனிதனுக்கு, வெளியே உலகம் தலைகீழானாலும் கடைசியாகத்தான் தெரியும். மழை பிடித்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது. தேவாலயத்தின் பெரிய கதவை யாரோ தள்ளித் திறந்ததும் தெரியாது. மத்தியானம் மூன்று மணிதான்... ஆனால் பெட்டிக்குள் கும்மிருட்டு. வாயில் கவ்விய டார்ச், கையில் தூசி தட்டும் பிரஷ், சுற்றிலும் ஆள் உயரக் குழல்கள். அந்த வட்டாரத்தில் இருக்கிற நாலைந்து ஆர்கன்களுக்கும் அவன் ஒருவன்தான் வைத்தியன். ஆர்கன்காரர் என்று கேட்டால் போதும், யாரும் வழி காட்டுவார்கள்.

காற்று மோட்டாரைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருந்தான். காற்று இல்லாமல் குழல் பாடாது. பதினைந்து வருஷத் தொழிலில் அவன் சந்தேகப்படாத ஒரே விஷயம் அது.

ஆனால் அவன் காதருகே ஒரு குழல் முனகியது.

பிரமை என்று நினைத்தான். விரலை வைத்துப் பார்த்தான்... குழல் நடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்க, பக்கத்துக் குழல் எடுத்துக்கொண்டது. அதற்கும் பிறகுதான் அந்தக் குரல் அவனுக்குக் கேட்டது. ஒரு பெண்குரல், வாயைத் திறக்காமல் உம்மென்று பாடுவது. வெளியே பாடும் சுரத்துக்குக் குழல்கள் தாமாக அதிர்வது உண்டு, அது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் தூசி தட்டுவதை நிறுத்தினான். ஏனென்றால் அந்தக் குரல் பாடியது பாட்டையே அல்ல.

பழைய கீர்த்தனைகளை நான்கு குரலில் பாடுவார்கள். சபையார் எல்லாருக்கும் தெரிந்த மெட்டு மேலே போகும். ஆல்டோ என்கிற பெண்களின் இரண்டாம் குரல் அதற்கு அடியில், இருக்கிற இடத்திலேயே கால் மாற்றி நிற்கிற மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போகும். அதை மட்டும் தனியாகப் பாடினால் எந்தப் பாட்டு என்றே பிடிபடாது, மற்ற மூன்று சுவரும் விழுந்துவிட்ட வீடு மாதிரி. அப்படி ஒற்றைச் சுவராகத்தான் வந்துகொண்டிருந்தது அந்தக் குரல். அந்திநேரக் கீர்த்தனை. கடலில் திசை தப்பினவன் கரையில் ஒரு விளக்கைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. சாவு வீட்டில் அதைப் பாடும்போது, இரண்டு அடி வரைக்கும் எல்லாரும் தாங்கிக்கொள்வார்கள். மூன்றாவது அடியில் மெட்டு உச்சிக்கு ஏறும்... அங்கே யாருக்கும் தொண்டை நிற்காது.

மூன்றாவது அடி வந்தது. ஆல்டோவும் கொஞ்சம் ஏற வேண்டிய இடம். இந்தக் குரல் ஏறவில்லை. மெதுவாகக் கீழே இறங்கியது.

அவன் வாயிலிருந்து டார்ச் விழுந்தது. அந்த இடத்தில் அப்படி இறங்குகிற ஒரே ஒரு மனுஷி இந்த உலகத்தில் இருந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் அவளை அடக்கம் செய்தாகிவிட்டது.

"அம்மா..."

எழுந்த வேகத்தில் மரச்சட்டம் மண்டையைப் பதம் பார்த்தது. வெளியே ஒரு பெண், "ஐயோ" என்றாள்.

பெட்டியின் சின்னக் கதவு வழியாக ஒரு தலை முளைத்தது. முடியெல்லாம் ஒட்டடை, முகமெல்லாம் சாம்பல் நிறத் தூசி, நெற்றியில் கோடாக ரத்தம். முன்வரிசை பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஓரம் மட்டும் நனைந்த நர்ஸ் உடுப்பில் ஒருத்தி நின்றிருந்தாள்.

"நீங்க... பேயா?" என்றாள். காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கிற அதே குரலில்.

"அது நான் கேக்க வேண்டிய கேள்வி."

"ரத்தம் வருது. அப்ப பேய் இல்ல. இப்படி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் தன் கைக்குட்டையை மடித்து நெற்றியில் வைத்து அழுத்தினாள். அழுத்தினபடியே குனிந்து பார்த்தாள்... மழைக்கு இருண்ட ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சமெல்லாம் அந்தக் கண்ணில் வந்து ஒதுங்கியிருந்தது. தலை சுற்றுவது அடிபட்டதாலா வேறு எதனாலா என்று அவனுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

"சிஸ்டர்... அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதே. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். சர்ச்சுக்குள்ள இதான் முதல் தடவை. எங்க ஆஸ்பத்திரியில பாட்டுப் பாடுறவங்க எத்தனையோ பேர்கிட்ட பாடிக் காட்டிட்டேன். இப்படி ஒரு பாட்டே கிடையாதுங்கிறாங்க."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"முப்பத்தாறாம் நம்பர் பெட்ல ஒரு அம்மா. வாதம் வந்து பேச்சு போயிடுச்சு. தண்ணி வேணும்னு கூடச் சொல்ல வராது. ஆனா சாயங்காலமானா இதை மட்டும் சுத்தமாப் பாடுவாங்க. ஒவ்வொரு அடி முடிச்சதும் நிறுத்திட்டு, வாசல் கதவைப் பார்ப்பாங்க. யாரோ பதிலுக்குப் பாடணும்கிற மாதிரி. அவங்க பொண்ணு கூடவே இருந்தாங்க. அவங்களைப் பார்க்க மாட்டாங்க. கதவைத்தான்."

அவன் கைக்குட்டையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டான். அந்த அம்மா யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒருநாள் நல்ல மழை," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பாடிட்டே இருந்தவங்க திடீர்னு கதவுப் பக்கம் கையை நீட்டினாங்க. யாரோ நிக்கிறாங்கன்னு. நான் எட்டிப் பார்த்தேன். நடை முழுக்க ஆளே இல்ல. ஈரக் காலடி மட்டும் நிலைப்படி வரைக்கும் வந்திருந்தது. உள்ள ஒரு அடி கூட வைக்கல. சுவர்ல ஒரு குடை சாஞ்சிருந்தது. மூணாம் நாள் அந்த அம்மா போயிட்டாங்க."

மழை கூரையில் இரைந்தது. பெட்டிக்குள் எங்கோ ஒரு குழல் மெல்ல அதிர்ந்து அடங்கியது. இருவரும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

"அதுக்கப்புறம் நான் இதைப் பாடுறதில்லைங்க. அதுவா வருது. கை கழுவும்போது, ஊசி போடும்போது... ஒரு அடி முடிச்சு என்னை அறியாம நிறுத்திடுவேன். வார்டுல இருக்கிற அத்தனை பேரும் கதவைப் பார்ப்பாங்க. நான் சொல்லிக் கொடுக்கல. யாரும் சொல்லிக் கொடுக்கல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. டூட்டிக்கு நேரமாகிறது என்று எழுந்து, வாசலில் மாட்டியிருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்தாள். கைப்பிடியில் மெல்லிய தோல் பட்டை நெருக்கமாகச் சுற்றியிருந்தது. ஆர்கனின் துருத்திக்கு ஒட்டுப் போடுகிற தோல் அது. குடைக்கு அதைச் சுற்ற வேறு யாருக்கும் தோன்றாது.

"அந்தக் குடை..."

"பேயோட குடைதான். யாரும் கேட்டு வரல. நான் வச்சுக்கிட்டேன்."

"என்னுது," என்றான். "அவங்க... எங்க அம்மா."

அவள் முகத்தில் முதலில் ஓர் ஆறுதல் தெரிந்தது. நாலு மாதப் பயம் கழன்று விழுந்த ஆறுதல். அடுத்த நொடி அது போன இடம் தெரியவில்லை.

"கதவு வரைக்கும் வந்தீங்களா?"

"வந்தேன்."

"பாடினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுத் திரும்பிப் போனீங்களா?"

அவன் கைக்குட்டையை நெற்றியிலிருந்து எடுத்து மடித்தான்.

"பேயா இருந்திருந்தா பரவாயில்லைங்க. பாவம், உள்ள வர முடியாதுன்னு விட்டிருப்பேன். நீங்க கால் இருக்கிற மனுஷன்."

குடையை பெஞ்சின்மேல் வைத்தாள். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே சாலையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டாள்.

திரும்பிப் போனதற்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது. உருப்படியான காரணமா என்பதை நீங்களே சொல்லுங்கள். அம்மா முப்பது வருஷமாகத் தேவாலயப் பாடகர் குழுவான கொயரில் ஆல்டோ பாடினவள். முப்பது வருஷமாகவே அந்த மூன்றாவது அடியில் தப்பாக இறங்கினவள். போன வருஷம் ஓர் ஒத்திகையில் அவன்தான் ஆர்கன் வாசித்தான். வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், "அம்மா, இத்தனை வருஷமா அதே இடத்துல அதே தப்பு. காது கேக்குதா இல்லையா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அம்மா புத்தகத்தை மூடினாள். "அப்ப நான் தனியாவே பாடிக்கிறேம்ப்பா," என்று இறங்கிப் போனாள். அதோடு கொயர் போயிற்று, அம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சும் போயிற்று. இரண்டு பேருக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

அக்கா போன்மேல் போன் போட்டு அழைத்து, ஒருவழியாக வார்டு வரைக்கும் போனான். உள்ளே அம்மா தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள், சொன்னபடியே. நான் வேண்டாம் என்றுதானே பாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். குடையை மறந்துவிட்டு மழையில் நடந்தான்.

இப்போது அந்த நர்ஸ் சொல்கிறாள்... பதிலுக்கு யாரோ பாட வேண்டும் என்று காத்திருந்தாளாம். எதை நம்புவது? அம்மா கூப்பிட்டாளா, ஒதுக்கினாளா? அது தெரியாமல் ஒரு வேளைச் சோறு கூட இறங்காது என்று ஆகிவிட்டது. அதோடு இன்னொன்றும். கண்ணை மூடினால் நெற்றியில் ஒரு கைக்குட்டையும் அதற்கு மேல் இரண்டு கண்ணும் வந்து நின்றன.

மூன்று நாள் குடையோடு ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போய்த் திரும்பினான். கதவு வரைக்கும் போய்த் திரும்புவதில்தான் அவன் கைதேர்ந்தவனாயிற்றே. நான்காம் நாள் சாயங்காலம், மழை இருட்டிக்கொண்டு வருகையில், எப்படியோ வார்டு வாசலில் நின்றான்.

உள்ளே அவள் ஒரு மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். உம்மென்று அந்த ஆல்டோ புறப்பட்டது. ஓர் அடி முடிந்தது. அவள் கை நின்றது. இரண்டு வரிசைக் கட்டில்களிலும் அத்தனை தலைகளும் மெதுவாக, ஒன்றாக, கதவுப் பக்கம் திரும்பின. முப்பத்தாறாம் கட்டிலில் கண் ஆபரேஷன் ஆன ஒரு வயதான அம்மா, இரண்டு கண்ணிலும் கட்டோடு... அவளும் திரும்பினாள்.

அவனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. கால் ஓரடி பின்னால் கூடப் போனது.

பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வைத்தான்.

பாடினான். சின்ன வயசில் அம்மா பாத்திரம் துலக்குகையில், பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று பாடின மெட்டு. பாடி எத்தனையோ வருஷமாயிற்று. குரல் உடைந்து உடைந்து வந்தது. நர்ஸ் திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது. இரண்டாவது அடிக்கு அவள் ஆல்டோவும் அடியில் வந்து சேர்ந்துகொண்டது. ஒற்றைச் சுவர் நின்ற இடத்தில் வீடு எழும்பியது.

மூன்றாவது அடி. உச்சிக்கு ஏற வேண்டும். ஏறப் பார்த்தான். சுரம் நழுவியது, ஆறு வயசுப் பையன் எட்டாமல் விழுவது போல் இரண்டு படி கீழே விழுந்தான். அவ்வளவுதான், பாட்டு கெட்டது என்று நினைத்தான்.

கெடவில்லை. அவள் குரல் அதற்குள் இறங்கிக் கீழே வந்து காத்திருந்தது. விழுந்தவனை அப்படியே தாங்கிக்கொண்டது. இவ்வளவு கச்சிதமாக இரண்டு சுரம் சேர்ந்ததை அவன் எந்த ஆர்கனிலும் கேட்டதில்லை.

தப்பு அம்மாவுடையது அல்ல. ஸ்டூலில் நின்ற பயலுக்கு அந்த உயரம் எட்டவில்லை. அவன் விழுகிற இடத்துக்குத் தோதாக அம்மா தன் குரலை இறக்கிக்கொண்டாள். அவன் வளர்ந்தான், சரியாகப் பாடக் கற்றான், மறந்தான். அவள் மட்டும் முப்பது வருஷமும் அங்கேயே நின்றாள், இவன் எப்போது விழுந்தாலும் இருக்கட்டும் என்று.

நாலாவது அடியை அவனால் பாட முடியவில்லை. நின்ற இடத்தில் அழுதான். நர்ஸ்தான் முடித்தாள்.

முப்பத்தாறாம் கட்டில் அம்மா கட்டுக்கு அடியில் புன்னகைத்தாள்.

"மூணு பேரும் ரொம்ப நல்லாப் பாடினீங்கம்மா," என்றாள்.

நர்ஸும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருத்த இருவருக்குமே வாய் வரவில்லை.

டூட்டி முடிந்து அவள் வெளியே வரும்போது, அவன் நடையில் குடையோடு நின்றான். வெளியே மழை.

"அவங்க உங்களைக் கூப்பிட்டாங்க," என்றாள் அவள். "இப்ப தெரியுதா?"

"தெரியுது. நான் போனதும் தெரிஞ்சிருக்கும் இல்ல அவங்களுக்கு?"

"தெரிஞ்சிருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா மறுநாளும் பாடினாங்க. அதுக்கு மறுநாளும். கோவக்காரங்க அப்படிப் பாட மாட்டாங்க."

அவன் குடையைக் கை மாற்றிப் பிடித்தான்.

"இன்னொண்ணு சொல்லணும் சிஸ்டர்..." என்றவன் நிறுத்தினான். "இந்த சிஸ்டர்தான் இடிக்குது. நாலு நாளா வாயில நுழைய மாட்டேங்குது."

"ஏன் நுழையல?" அவள் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். உதட்டோரம் எதையோ அடக்கிக்கொண்டிருந்தது.

"கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போறது என் பழக்கம். இன்னைக்கு சொல்லிட்டுத்தான் போவேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அம்மா பாட்டு உங்ககிட்ட இருக்குங்கிறதுக்காக இல்ல. ரத்தம் வருது, அப்ப பேய் இல்லன்னு சொன்னீங்களே... அப்பவே."

அவள் குடையை அவன் கையிலிருந்து வாங்கி விரித்தாள். இரண்டு பேருக்குமாகப் பிடித்தாள்.

"நாலு மாசம் உங்களுக்குப் பயந்து விளக்கைப் போட்டுட்டுத் தூங்கியிருக்கேன்," என்றாள். "அதுக்கெல்லாம் ஈடு கட்டணும். ரொம்ப நாளாகும். சம்மதமா?"

"சம்மதம்."

"எனக்கும்."

படியிறங்கி மழைக்குள் நடந்தார்கள். பாதித் தெருவில், அவளை அறியாமலே, உம்மென்று அது புறப்பட்டது. ஓர் அடி முடிந்ததும் வழக்கம்போல நிறுத்தினாள்.

இந்த முறை அவள் எந்தக் கதவையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குடைக்குள்ளிருந்தே பதில் வந்தது.