பெல்ட் போடாத துணை

ஆட்டோபான் என்ற அதிவேகச் சாலைக்குள் ஏறும் சரிவில் என் மகன் தியார்க் இண்டிகேட்டரைப் போட்டான், கண்ணாடியைப் பார்த்தான், தோளுக்கு மேலாகவும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல அத்தனை ஒழுங்கு. மறுநாள் அவனுக்குப் பதினெட்டு. அதுவரை பெரியவர் ஒருவர் பக்கத்து இருக்கையில் துணையாக இருந்தால்தான் அவன் வண்டி ஓட்டலாம். ஒரு வருடமாக அந்தத் துணை நான்தான். நாளையிலிருந்து அவன் தனியாகப் போவான்.

அந்தத் 'தனியாக'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

லிங்கனில் அக்கா வீட்டில் காபி குடித்துவிட்டு, லேயர் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு, வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். நவம்பர் மாதம், சாயங்காலம் ஆகும் முன்பே வெளிச்சம் வடிந்துவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் சதுப்பு நிலம். அதிலிருந்து பனி கிளம்பி, வேலியைத் தாண்டித் தார் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஈரக் கரியும் அழுகிய புல்லும் கலந்த வாடை வண்டிக்குள் வந்தது. பின்னால் வலது இருக்கையில் அக்கா கொடுத்த வெண்ணெய் கேக் தகரப் பெட்டியில் இருந்தது.

வட்டமான வெள்ளைப் பலகை வந்தது. குறுக்கே கறுப்புக் கோடுகள். வேகக் கட்டுப்பாடு இத்தோடு முடிந்தது என்று அர்த்தம். என் கணவர் மென்னோ அதைப் பார்த்தால் கோயில் கோபுரத்தைப் பார்த்த மாதிரி முகம் மலர்வார்.

"அம்மா, ஒரே ஒரு தடவை. இருநூறு. நீ பக்கத்துல இருக்கும்போதே ஓட்டிப் பார்த்துட்டா நல்லதுதானே?"

"நான் பக்கத்துல இருந்தா என்னடா? மோதினா நான் என்ன, தலையணையா?"

"அப்பா சொல்றாரு, இதவிடப் பத்திரமான ரோடே கிடையாதாம். எதிர்ல வண்டி வராது, ஓரத்துல மரம் கிடையாது. ஊர் ரோட்டுலதான் நெறைய பேர் சாவுறாங்களாம்."

"உங்கப்பா ஓடு விக்கிறவரு. கூரை ஓடு உடைஞ்சா வேற தருவாரு. மண்டையோடு உடைஞ்சா எங்கேருந்து தருவாரு?"

அவன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். வேகம் ஏற ஏறக் கண் ஓரங்களைக் கைவிட்டுவிடும், நடுவில் ஒரு துளை மட்டும்தான் மிஞ்சும் என்று அவனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு 'முடியாது' என்று பொருள்.

அப்போதுதான் முன்னால் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்கின.

எல்லா வண்டிகளும் நின்றன. நின்ற உடனே யாரும் சொல்லாமலே இடது வரிசை இடதோரம் ஒதுங்கியது, வலது வரிசை வலதோரம் ஒதுங்கியது. நடுவில் நீளமாக ஒரு வழி திறந்தது. மீட்புச் சந்து என்று அதற்குப் பெயர். தியார்க் இடது வரிசையில் தடுப்புக் கம்பியை ஒட்டி அழகாக நிறுத்தினான். நீல விளக்கோடு ஆம்புலன்ஸ் ஒன்றும் தீயணைப்பு வண்டி ஒன்றும் சந்து வழியாகப் பனிக்குள் போய் மறைந்தன.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"பசிக்குதும்மா" என்றான் தியார்க்.

இங்கே ஓட்டுபவருக்கு இடப்பக்க இருக்கை; என் கதவு சந்தை நோக்கி இருந்தது. அந்தச் சந்தில் கால் வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் கதவைத் திறக்கவும் கூடாது. ஓட்டுநர் பள்ளியில் முதலில் சொல்லித்தருவதே அதுதான். ஆனால் பிள்ளை பசிக்கிறது என்றால் சட்டமாவது ஒன்றாவது. இறங்கினேன். பின்கதவை அகலத் திறந்து வைத்து, குனிந்து, பெட்டியின் மூடியை நெம்பினேன். மூடி இறுக்கமாக இருந்தது.

முன்னாலிருந்து யாரோ நடந்து வந்தார்கள்.

டொக். சப். டொக். சப்.

ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் வெறும் பாதமுமாக ஈரத் தாரில் நடந்தால் வரும் சத்தம். அவசர நடை. நிமிர்ந்து பார்த்தேன். சந்து காலியாகக் கிடந்தது. பனி மட்டும் நடுவில் லேசாகப் பிளந்து, மறுபடி கூடியது.

டொக். சப்.

டொக்.

என் பக்கத்தில் வந்து நின்றது.

ஆஸ்பத்திரி வாடை அடித்தது. கை கழுவும் மருந்தும் அதற்குக் கீழே ரத்தமும். என் இடுப்பை உரசிக்கொண்டு சில்லென்று ஏதோ கடந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு ஆள் ஏறியதுபோலத் தாழ்ந்தது.

கதவை அறைந்து சாத்திவிட்டு, கேக் பெட்டியோடு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"குளிருடா. சாப்பிடு." பெட்டியை அவன் மடியில் திணித்தேன். உண்மையைச் சொன்னால் பயந்துபோய் ஓட்டுவான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து வரிசை நகர்ந்தது. விபத்து நடந்த இடத்தில் யாரும் எட்டிப் பார்க்காதபடி துணித் தடுப்பு நிறுத்தியிருந்தார்கள். தடுப்புக்கு வெளியே, சாலையோரத்தில், ஒற்றைச் செருப்பு கிடந்தது. நர்ஸுகள் வேலையில் போடும் வெள்ளை ரப்பர் செருப்பு.

தியார்க் அதைப் பார்த்தான். "இருநூறு வேணாம்மா" என்றான் மெதுவாக. "நூறுலயே போயிடலாம்."

கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஒரு வருடம் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு செருப்பு சாதித்துவிட்டதே என்று நினைத்தேன்.

டிங்.

முகப்புப் பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு. பின்னிருக்கை, வலது பக்கம், பெல்ட் போடவில்லை.

"கேக் பெட்டிய எடுத்தாச்சே?" என்றான்.

சாப்பிட்டு முடித்து அவன் திருப்பித் தந்த பெட்டி என் மடியில் இருந்தது.

டிங். டிங்.

"சென்சார் கெட்டிருக்கும். ஓட்டுடா, பேசாம ஓட்டு."

என் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. எனக்கு நேர் பின்னால்தான் அந்த இருக்கை. நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

"நேரமாச்சு."

காதோரம், ஒரு பெண்ணின் குரல், கெஞ்சுவதைப் போல.

"என்னம்மா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

வண்டி உறுமியது. நூற்று இருபது. நூற்று நாற்பது.

"டேய், மெதுவா!"

"நான் இல்லம்மா!" அவன் குரல் உடைந்தது. "நான் காலை எடுத்துட்டேன்!"

குனிந்து பார்த்தேன். அவன் வலது கால் தரையில் கிடந்தது. ஆக்ஸிலரேட்டர் தானாக அடியோடு அழுந்தியிருந்தது.

நூற்று அறுபது.

"பிரேக்கப் போடு!"

"போடுறேன், இறங்க மாட்டேங்குது! கல்லு மாதிரி இருக்கு!"

டிங். டிங். டிங். டிங்.

"நேரமாச்சு. நேரமாச்சு."

பனிக்குள் ஒரு லாரியின் பின்விளக்குகள் முளைத்து, முழுசாகப் பார்ப்பதற்குள் வலப்பக்கம் போய்விட்டன. தியார்க் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, மூன்று வயதில் அழுததைப் போல வாயைத் திறந்து அழுதான். நூற்று எண்பது. அவனுக்கு இன்னும் பதினெட்டுகூட ஆகவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த மணியை நிறுத்த வேண்டும். பெல்ட் போட்டால் மணி நிற்கும். யோசித்ததெல்லாம் அவ்வளவுதான்.

பின்னால் எட்டினேன். என் பெல்ட் என்னை இறுக்கிப் பிடித்தது. கழற்றினேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே முழங்காலிட்டு, பின்பக்க பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

வரவில்லை.

பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். பூட்டிக்கொண்டது.

"அம்மா, இருநூறும்மா! இருநூறு!"

அவசரப்பட்டு இழுத்தால் பெல்ட் வராது. குழந்தைக்குக்கூடத் தெரியும். விட்டுவிட்டு மறுபடி பிடித்தேன். என் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் இழு, இழு என்று கத்திக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"மெதுவா" என்றேன். "மெதுவா… மெதுவா…"

வந்தது. விரல் விரலாக வந்தது. காலி இருக்கையின் குறுக்கே கொண்டுபோனேன்.

இருக்கை காலியாக இல்லை.

பெல்ட் ஒரு தோளைச் சுற்றியது. ஒரு மார்பின் மேல் படிந்தது. அந்த மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஓடி வந்தவளுடையதைப் போல. என் புறங்கை அதன் மேல் பட்டது. ஈரத் துணி. ஐஸ் மாதிரிக் குளிர்.

"வேலைக்குத்தானேம்மா போறே?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "போகலாம். மெதுவாவே போகலாம்."

க்ளிக்.

மணி நின்றது. ஆக்ஸிலரேட்டர் மேலே எழும்பியது. வண்டி தானாகத் தளர்ந்து, மூச்சு வாங்குவதைப் போல ஓடி, அடுத்த வெளிவழியில் இறங்கி நின்றது. தியார்க்கும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். பின்னால் திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. பெல்ட் மட்டும் பூட்டியபடி, ஒரு ஆள் பருமனுக்கு முன்னால் தள்ளி, விறைப்பாக நின்றது.

காலையில் மென்னோ தேநீரில் கற்கண்டைப் போட்டுக்கொண்டே ரேடியோ கேட்டார். மாலைப் பணிக்குத் தாமதமான ஒரு நர்ஸ், பனியில் அசுர வேகத்தில் போயிருக்கிறாள். தடுப்பில் மோதியவள் உயிர் பிழைக்கவில்லை.

"பனியில அப்படிப் போவாங்களா?" என்றார். "ரோடு மேல என்ன தப்பு, விப்கெ? ஓட்டுறவங்க மேலதான் தப்பு."

"நேத்து உம் புள்ளையும்தான் இருநூறுல போனான்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். வாசலில் நின்ற வண்டிக்குப் போய், பூட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றிக் காட்டிவிட்டு மறுபடி சிரித்தார். உள்ளே வந்தபோது சிரிப்பு இல்லை. கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஈரமா இருக்கு" என்றார்.

தியார்க் சாவியை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "எனக்கு வண்டி வேணாம்ப்பா. வித்துடுங்க." என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

மத்தியானம் அவன் நண்பன் ஹௌக்கெ பிறந்தநாள் வாழ்த்தோடு வந்தான். அவனுடைய வண்டி அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. கதவுகளில் துரு, ரேடியோ ஊமை, முகப்பில் வேகத்தைக் காட்டும் முள் மட்டும்தான் உருப்படி.

"எம்டன் டவுன் வரைக்கும் போய்ட்டு வர்றோம், அத்தை. பயப்படாதீங்க, இந்தக் கிழவி நூறத் தாண்டினா கழண்டுடும்!"

தியார்க் என்னைப் பார்த்தான். போகட்டும் என்று தலையசைத்தேன். முன்னிருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான். ஹௌக்கெ எஞ்சினைக் கிளப்பினான்.

டிங்.

"அது என்னடா சத்தம்?" என்றான் ஹௌக்கெ. "என் வண்டியில மணியே கிடையாதே!"

டிங். டிங்.

தியார்க்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. என்னைப் பார்க்காமல், நேராக முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

"அம்மா. பின்னால."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பின்கதவைத் திறந்தேன். ஆஸ்பத்திரி வாடை முகத்தில் அடித்தது. பழைய பெல்ட் சொரசொரப்பாக இருந்தது. மெதுவாக இழுத்தேன். மெதுவாகவே வந்தது. காலி இருக்கையைச் சுற்றிப் பூட்டினேன்.

"மெதுவாப் போகணும்" என்றேன். "எம் புள்ளை இருக்கான்."

"நாங்க மெதுவாத்தான் போவோம், அத்தை!" என்றான் ஹௌக்கெ.

நான் அவனிடம் சொல்லவில்லை.

கதவைச் சாத்தக் கை வைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ மெல்ல இழுத்துச் சாத்திக்கொண்டார்கள்.